கோழிமுட்டை பொரிக்கும் வகை

திருத்தணி மலைமேல் எழுந்தருளியுள்ள பெருமானுக்குச் சேவல் கொடியாயிற்று. அம்மலையடியினின்று அரக்கோணம் வரையிலுள்ள சிற்றூர்களிலோ அது புழக்கடையில் குப்பை கிளறுகின்றது. நான்கைந்து பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்தில் முட்டை என்பது கைச்செலவுக்கு உதவும் காசு. பத்து முட்டைகளை அடைவைப்பவள் அவற்றின் விலையைக் கைவிட்டு மூன்று வாரம் காத்திருக்கின்றாள். அடைகாக்கும் கோழியும் அந்நாள்களிலும், குஞ்சுகளைக் கூட்டித் திரியும் நாள்களிலும் முட்டையிடாது. ஆதலின் கூமுட்டையாய்ப் போகும் ஒவ்வொன்றும் அவளுக்கு இரட்டை நட்டமாம். இந்நட்டம் நேர்வதன் காரணத்தை ஆராய்வதே இங்கு நாம் மேற்கொண்ட காரியம்.

கருவுற்ற முட்டையினுள் ஜீவன் உறங்கிக் கிடக்கின்றது. சூடு ஏறக்குறைய 70 அல்லது 75 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழிருக்கும் வரையில் அவ்வுறக்கம் கலையாது. அதற்கு மேற்படின் கரு மெல்ல வளரத் தொடங்கும். ஆயின் முறையாக வளர்வதற்கு 100 டிகிரி அளவில் இடையறாத சூடு வேண்டும். சித்திரை வைகாசியில் அரக்கோணத்தில் நிழலிலேயே பகலில் 100 டிகிரிக்கு மேற்படுவதை நாம் அனைவரும் அறிவோம். அடுப்பங்கரையில் ஒரு வாரம் கிடக்கும் முட்டையில் கரு பகலில் விழித்து, இரவில் தளர்ந்து, அடைவைக்கும் முன்னரே மடிந்துபோகின்றது. கோடையில் முட்டை கெடுவதற்குக் கோழியையோ சேவலையோ பழிப்பவர் இதனைக் கருதுவதில்லை. ஈரமணல்மேல் வைத்த சட்டியில், கூரிய முனை கீழாக முட்டைகளை அடுக்கி, நனைந்த துணியால் சட்டியின் வாயை மூடிவைப்பது எளிய பரிகாரம். குளிர்ந்த நாள்களில் ஏழு நாள் வரையிலும், கோடையில் மூன்று நான்கு நாளும் சேர்த்து வைக்கலாம். விற்பதற்கே முட்டை வேண்டுவோர் சேவலைப் பிரித்துவிடின், கருவற்ற அம்முட்டைகள் வெயிலிலும் நெடுநாள் தாங்கும்.

முட்டைத் தொழிலைச் சீர்செய்யும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1920-களில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பார், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் மார்த்தாண்டத்தில் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம், குடியானவர்களின் கோழி வளர்ப்பைத் திருத்தி, கூட்டுறவு முறையில் முட்டை விற்கவும் வழிசெய்தது. அரக்கோணத்திலிருந்து இருப்புப்பாதை வழியே மேற்கு நோக்கிச் செல்லின் வரும் காட்பாடியிலும், ஆர்க்காட்டு மிஷனின் வேளாண்மைப் பள்ளி இத்தொழிலில் ஈடுபட்டது.

கோழியின்றி முட்டை பொரிக்கும் வித்தையோ மிகப் பழையது. எகிப்தியர் எருக்குவியலில் முட்டையைப் புதைத்துப் பொரிப்பதை அரிஸ்டாட்டில் எழுதியுள்ளார். அவரே முட்டைகளை ஒவ்வொரு நாளாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளளவில் இருதயம் ஓர் இரத்தத்துளியைப் போல் துடிப்பதையும் குறித்தார். சீனத்தில் நெல்லையும் உமியையும் சூடாக்கி, அச்சூட்டினால் பொரிப்பர்.

இக்காலத்துச் சிறு பொரிப்பான்கள் மின்சாரத்தால் நடப்பவை. காற்றாடி பொருத்திய பெட்டியில் 99½ டிகிரியும், காற்றாடி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 டிகிரியும் இருத்தல் வேண்டும். மின்சாரம் ஒருமணி நேரம் நின்றால் அஞ்ச வேண்டுவதில்லை. பெட்டியைக் கம்பளியால் போர்த்தினால் போதும். அஞ்சத்தக்கது மிகுந்த சூடே. 105 டிகிரி சில மணி நேரம் நிலைத்தால் கரு மாண்டுபோம். இப்பெட்டிகள் சூடேற்றவல்லன, குளிரூட்ட வல்லன அல்ல. தகரக்கூரையின் கீழ் வைத்த பொரிப்பான் அக்கினி நட்சத்திரத்தில் விளக்கு அணைந்த பின்னும் முட்டையை வேகவைக்கும். வீட்டிலுள்ள குளிர்ந்த அறையே அதற்கு உரிய இடம்.

அடைக்கோழி முட்டைகளை நாளில் பலமுறை அலகால் புரட்டுகின்றது. யாது காரணம் எனின், கரு மஞ்சட்கருவின் மேற்புறத்தே மிதப்பது. ஒரே நிலையில் கிடந்தால் அது ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாம் கையால் புரட்டுவதாயின் ஒருபுறம் பெருக்கற்குறியும் மறுபுறம் வட்டமுமாகப் பென்சிலால் வரைந்து, நாள்தோறும் மூன்று அல்லது ஐந்து முறை புரட்டுக. ஒற்றைப்படை எண்ணாயின் நீண்ட இராப்பொழுதில் அடுத்தடுத்து வெவ்வேறு பக்கம் மேலாக அமையும்.

ஓட்டின் நுண்துளைகள் வழியே பிராணவாயு உட்புக, நீராவி வெளியேறும். 40 கிராம் முட்டை பொரிக்குமுன் சுமார் 5 கிராம் எடை குறைதல் முறை. மிகக் குறைந்தால் குஞ்சு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். குறையாவிடில் ஈரத்தில் மூழ்கும். ஆகையால் மேல்காற்று வீசும் ஆனியில் பெட்டியினுள் நீர்த்தட்டு பெரிதாகவும், ஐப்பசி அடைமழையில் சிறிதாகவும் இருத்தல் நலம்.

ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கின்முன் பிடித்தால், நல்ல முட்டையில் சிலந்தியைப் போல் இரத்த நாளங்கள் பரந்து தோன்றும். கூமுட்டை வெறிதாய் ஒளிவிடும். பதினெட்டாம் நாளோடு புரட்டுதலை நிறுத்தி, ஈரத்தை மிகுவித்து, மூடியைத் திறவாதிருத்தல் வேண்டும். பின்னர்க் குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையைக் கிழித்து முதல் மூச்சு விடுகின்றது. உள்ளிருந்தே கீச்சிடும் ஒலி கேட்கும். ஓட்டில் துளை விழுந்த பின்னும் வெளிவருவதற்குப் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் செல்லலாம். காண்பவர் பொறுக்கமாட்டாது ஓட்டை உரித்துவிடுகின்றனர். அவ்வேளையில் சவ்வின் நாளங்களில் இரத்தம் வற்றியிராது. எஞ்சிய மஞ்சட்கருவும் வயிற்றினுள் முற்றும் புகுந்திராது. உரித்த கையில் குஞ்சு இரத்தம் ஒழுகிச் சாகும்.

தானே வெளிவந்த குஞ்சுக்கு உள்வாங்கிய அம்மஞ்சட்கரு இரண்டு நாளளவும் உணவாம். இதனாலன்றோ அமெரிக்காவில் 1918 முதல் ஒருநாட் குஞ்சுகளைத் தபாலில் அனுப்ப இயன்றது! இறகு உலரும் வரை குஞ்சைப் பெட்டியிலேயே விடுக. பின்னர் முதல் வாரம் 95 டிகிரியும், வாரந்தோறும் ஐந்து டிகிரி குறைத்தும் சூடு தரல் வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு இராணிக்கெட் நோய் என்று பெயர். நம் இராணிப்பேட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது இமயச்சாரலிலுள்ள ஓர் ஊர். ஒரு புழக்கடை முழுவதையும் சில நாளில் வெறுமையாக்கவல்ல இந்நோய்க்கு, முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கண்ணிலோ மூக்கிலோ தடுப்புமருந்துத் துளி இடுவிப்பது வழக்கம்.