ரயிலில் கேட்ட பெயரும் திங்கட்கிழமை அறிக்கையும்

2001-இல் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்துக்கு நான் வேலைக்குப் போய்வரத் தொடங்கியபோது, ஒரு கம்பெனிக்கு நல்ல பெயரா கெட்ட பெயரா என்பது ரயிலில்தான் முடிவாகும். நாகர்கோவிலிலிருந்து வரும் காலை பாசஞ்சரில் சீசன் டிக்கெட்காரர்கள் வழக்கமாக ஏறும் பெட்டி ஒன்று உண்டு. பாறசாலை தாண்டுவதற்குள் யாருக்கு எங்கிருந்து ஆஃபர் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நெய்யாற்றின்கரை வருவதற்குள் அந்தக் கம்பெனியின் ஜாதகம் அலசப்பட்டிருக்கும். "அங்கயா மக்கா? சம்பளம் பத்தாந்தேதிக்கு முன்ன வராதே." "மேனேஜர் நல்ல ஆளுதான். ஆனா ராத்திரி கால் முடியும்போது கடைசி வண்டி போயிரும், பாத்துக்க." தம்பானூரில் இறங்கிக் கழக்கூட்டம் பஸ்ஸைப் பிடிக்கும்போது கேட்டவனின் மனம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

நான் வேலை பார்த்தது எச்.ஆர். பிரிவில். ஊழியர்கள் கம்பெனியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிவது என் வேலையின் ஒரு பகுதி. ரயிலில் இலவசமாகக் கிடைத்ததை அலுவலகத்தில் பெரும்பாடுபட்டுச் சேகரித்தோம். ஆண்டுக்கொரு முறை, 42 கேள்விகள் அச்சிட்ட தாள். பெயர் எழுத வேண்டாம் என்று மேலே போட்டிருக்கும். கீழே எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்டிருக்கும். நாலு பேர் இருக்கும் பிரிவில் அதற்குமேல் பெயர் எதற்கு? தாள்களை இரண்டு பேர் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்ற மூன்று வாரம் ஆகும். இயக்குநர்கள் முன் அறிக்கை போகும்போது அடுத்த காலாண்டு பிறந்திருக்கும். மனம் கசந்து எழுதியவர்களில் சிலர் அதற்குள் வேறு கம்பெனியில் சேர்ந்து, அங்கே அதே போன்ற தாளை நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

புகார்ப் பெட்டியும் இருந்தது, நிர்வாக மேலாளர் அறைக்கு நேரெதிரே. நான் பார்த்தவரை அதில் உருப்படியாக வந்த ஒரே காகிதம், கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் போடச் சொன்னது.

திருவனந்தபுரத்துக்கு இதற்கும் முந்தைய முறை ஒன்று தெரியும். 1946-இல் நிறுவப்பட்ட டைட்டானியம் ஆலை, 1973-இல் தொடங்கிய கெல்ட்ரான் ஆகியவற்றின் காலத்து நகரம் அது. ஆலைக்கு என்ன பெயர் என்பதை வாயில் கூட்டத்திலும் யூனியன் பலகையிலும் தெரிந்துகொள்ளலாம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே, 100 அல்லது அதற்குமேல் தொழிலாளர் உள்ள இடங்களில் இரு தரப்பும் உட்காரும் பணிக்குழு அமைக்க வழி இருந்தது. கேட்பவர் யார், சொல்பவர் யார் என்பது அங்கே ஒளிவுமறைவில்லாத விஷயம்.

1990-இல் கழக்கூட்டத்தின் வைத்தியன் குன்றில் டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் உருவானபோது வேறு வகை ஊழியர்கள் வந்தார்கள். கட்டடங்களுக்குப் பம்பா, பெரியாறு, நிளா என்று ஆறுகளின் பெயர். உள்ளே கொடி கிடையாது, வாயில் கூட்டம் கிடையாது. பிற்பாடு பிரதித்வனி போன்ற ஊழியர் நல அமைப்புகள் தோன்றின என்றாலும், யூனியன் பலகை இருந்த இடம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. அதை நிரப்பியவை ரயிலும், பின்வாசலுக்கு எதிரேயிருந்த தட்டுக்கடையும்தான். இன்று அந்த வளாகத்தில் சுமார் 500 நிறுவனங்கள், 75,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள். இத்தனை பேருடைய பேச்சை எந்தத் தட்டுக்கடையும் தாங்காது.

இப்போது எங்கள் கம்பெனியில் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு நிரல் தானாக ஓடுகிறது. வெள்ளிக்கிழமை ஒவ்வொருவர் கைபேசிக்கும் போன ஒற்றைக் கேள்விக்கான பதில்களை அது திரட்டுகிறது. 2008-இல் அமெரிக்காவில் அறிமுகமான கிளாஸ்டோர், நௌக்ரியை நடத்தும் இன்ஃபோ எட்ஜின் கையிலுள்ள ஆம்பிஷன்பாக்ஸ் ஆகிய கம்பெனி மதிப்பீட்டுத் தளங்களில் எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதை ஒருவர் பார்த்துப் பதிய, அதையும் சேர்த்துக்கொள்கிறது. நான் ஆபீஸ் வந்து டீ குடிப்பதற்குள் மின்னஞ்சல் காத்திருக்கும். சென்ற வாரம் 3.9 நட்சத்திரம், இந்த வாரம் 3.8, சிவப்பு அம்புக்குறி. மூன்று வார வேலை மூன்று நிமிடமாகிவிட்டது.

இதில் கிடைத்த லாபத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வேலையை விடுபவர்களுக்கான பழைய எக்ஸிட் இன்டர்வியூவில் என் எதிரே உட்கார்ந்து "வீட்ல கல்யாணம் பாக்காங்க, அதான்" என்று சொல்லிவிட்டுப் போன பெண்கள் எத்தனையோ பேர். உண்மைக் காரணம் ஆறு மாதம் கழித்து நெய்யாற்றின்கரைக்கும் பாலராமபுரத்துக்கும் நடுவில் யார் வாயிலாகவோ வரும். பெரும்பாலும் அதே டீம் லீடரின் பெயர்தான். இன்று அந்தப் பெண் இரவில் படுத்தபடியே இரண்டு வரி தட்டிவிடலாம். ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் வந்த குழுவின் மதிப்பெண்ணை எங்கள் நிரல் காட்டாது. இரவுப் பணி முடிந்து வண்டி கிடைக்காத பிரச்சினை 2003-இல் மேலே போய்ச் சேர ஒன்றரை ஆண்டு ஆனது. போன ஆண்டு அதே பிரச்சினை வேறு வடிவில் வந்தபோது, பதினோராம் நாள் வண்டி ஏற்பாடாகிவிட்டது.

எனக்கு உறுத்துவது கணக்கில்தான். எங்கள் வெள்ளிக்கிழமைக் கேள்வி பல நாடுகளில் கேட்கப்படுவதுதான்: இங்கே வேலைக்குச் சேரும்படி நண்பரிடம் சொல்வீர்களா, 0 முதல் 10 வரை? முதலில் வாடிக்கையாளர்களைக் கேட்பதற்கென்று 2003-இல் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் எழுதி வைத்த முறை, பிறகு ஊழியர்களிடம் வந்தது. 9, 10 போட்டவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். நூறு பேரில் 40 பேர் மேலே, 25 பேர் கீழே என்றால் மதிப்பெண் 15. மிச்சம் 35 பேர் 7 அல்லது 8 போட்டவர்கள். அவர்களுக்கு அறிக்கையில் அம்புக்குறி இல்லை.

அந்த 35 பேரை எனக்கு நன்றாகத் தெரியும். கேரளத்தில் அவர்களுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: "கொழப்பமில்ல." எப்படியிருக்கிறது வேலை என்றால் கொழப்பமில்ல. மேனேஜர்? கொழப்பமில்ல. அது திருப்தியாகவும் இருக்கும், சலிப்பாகவும் இருக்கும், இதற்குமேல் கேட்காதே என்பதாகவும் இருக்கும். எது என்று அறிய இழுத்துச் சொன்னாரா, வெடுக்கென்று சொன்னாரா, சொல்லும்போது எங்கே பார்த்தார் என்று கவனிக்க வேண்டும். தட்டுக்கடையில் ஒரு கட்டன்சாயா முடிவதற்குள் அது பிடிபட்டுவிடும்.

ஆங்கில எழுத்தில் மலையாளமும் தமிழும் கலந்து ஊழியர்கள் எழுதும் வரிகளை நிரல் படித்து, நல்லது, கெட்டது, இரண்டுமில்லாதது என்று பிரிக்கிறது. இதில் ஆராய்ச்சி நடக்காமலில்லை. டெக்னோபார்க்கிலேயே இயங்கி, பிறகு டிஜிட்டல் பல்கலைக்கழகமாக மாறிய ஐஐஐடிஎம்-கே நிறுவனத்தின் ஆய்வாளரும் பங்குகொண்டு, 2020-இல் மலையாளம்-ஆங்கிலம் கலந்த 6,739 யூடியூப் கருத்துகளை மனிதர்களே படித்து வகைப்படுத்தினார்கள். அதில் கலவையான உணர்வுக்கென்று தனி வகை, இன்னதென்று சொல்ல முடியாததற்கும் தனி வகை. எங்கள் நிரலுக்கு அந்தப் பொறுமை இல்லை. "கொழப்பமில்ல" என்றால் இரண்டுமில்லாதது என்ற கூடையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

அந்தப் பொறுமை ஒரு காலத்தில் இருந்தது. சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன் ஆலையில் 1928 முதல் 1930 வரை 21,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினார்கள். முதலில் கேள்விப் பட்டியல் வைத்திருந்தார்கள். ஊழியர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தம் மனத்திலிருந்ததைச் சொல்லத் தொடங்கவே, பட்டியலை ஒதுக்கிவிட்டுப் பேசவிட்டார்கள். அரைமணி நேரப் பேட்டி ஒரு மணிக்கும் மேலாக நீண்டது. இன்று அப்படியொரு திட்டத்துக்கு எந்த நிர்வாகமும் பணம் ஒதுக்காது. நானே கேட்டாலும் நிதிப் பிரிவில் சிரிப்பார்கள்.

ஆனால் பேச்சைச் சட்டம் இன்னும் மறக்கவில்லை. 2025 நவம்பர் 21 அன்று தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. 20 அல்லது அதற்குமேல் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்கிறது அது. முகம் பார்த்துப் பேசும் மேசை சட்டத்தின் தாளில் இன்னும் இருக்கிறது. எங்கள் மேசை நாற்காலிகளெல்லாம் திங்கட்கிழமை அறிக்கையைப் பற்றிப் பேசவே சரியாக இருக்கின்றன.

இப்போதும் வாரத்தில் மூன்று நாள் ரயிலில்தான் போகிறேன், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. அதே பெட்டி, ஆனால் பேச்சு குறைவு. எல்லோர் காதிலும் ஏதாவது இருக்கிறது. போன வாரம் எதிர் இருக்கைப் பையன் கைபேசியை என் பக்கம் திருப்பினான். எங்கள் கம்பெனிதான், 3.8.

"அண்ணே, நீங்க இங்கதானே? எப்பிடி இருக்கு?"

பாறசாலையில் வண்டி நின்றிருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"கொழப்பமில்ல" என்றேன்.