எங்கள் தெருச் சாக்கடையும் ஊராட்சிப் பணமும்

"சமையல் குறிப்பு, கைவைத்தியம் என்று எழுதாமல் சாக்கடையைப் பற்றி யாராவது எழுதுவார்களா அம்மா?" என்று என் பெண் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்தச் சாக்கடையால் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தவளே அவள்தான்.

2023 செப்டம்பரில் அவளுக்கு டைபாய்டு வந்தது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "குடிக்கிற தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் மேலேறி வராது. ஆகவே ஆளுக்கொரு பள்ளம் தோண்டி, அதற்குள் குடத்தை இறக்கித்தான் பிடிப்போம். பள்ளத்திலிருந்து இரண்டடி தள்ளி மண் சாக்கடை. மழை பெய்தால் சாக்கடை எது, குழாய்ப் பள்ளம் எது என்று தெரியாது. இதைச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "மாத்திரை நான் கொடுத்துவிடுவேன். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள். ஆனால் அந்தப் பள்ளத்தை மூடாவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபைக்குப் போனேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம். அதுவரை ஒரு சபைக்கும் போனதில்லை. "பொம்பளைங்களுக்கு அங்க என்ன வேலை? கையெழுத்து வாங்கத்தானே கூப்பிடுவாங்க" என்றார் என் மாமியார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. போன பெண்களில் பாதிப் பேர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உலை வைக்கத் திரும்பிவிட்டார்கள்.

கூட்டம் கோயில் மண்டபத்தில். நாங்கள் உள்ளே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் உள்ள காலனிக்காரர்கள் வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை, உள்ளே வரச் சொல்லவுமில்லை. அப்படியே பழகிப் போயிருக்கிறது. அன்றைக்கு எனக்கும் அது உறுத்தவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தலைவர் ஒரு பெண்தான். ஆனால் பதில் சொன்னது எல்லாம் அவருடைய வீட்டுக்காரர். நான் எழுந்து நடுங்கிக்கொண்டே சாக்கடையைப் பற்றிக் கேட்டேன். "என்னம்மா செய்யறது? வந்த பணமெல்லாம் காலனிக் குழாய்க்குப் போயிடுச்சு. அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் அவர்.

உடனே புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல். "எங்க காலனியில எங்கய்யா குழாய் போட்டீங்க? போன சபையில, பணம் பூரா ஊர்த் தெரு சாக்கடைக்குப் போயிடுச்சுன்னு எங்ககிட்டச் சொன்னீங்களே!"

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு ஏகப்பட்ட சத்தம்.

குரல் கொடுத்தவர் காலனி மகளிர் குழுவின் தலைவி. ஐம்பது வயதிருக்கும். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஏரிக்கரையைத் தாண்டினேன். "வாங்கம்மா" என்று பாய் விரித்தார். "உங்களுக்குக் கணக்கு தெரியுமாமே அக்கா, எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றேன். எங்கள் தெருவில் யாரும் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவர் என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார்.

அவருடைய அம்மா 1996-இல் வார்டு உறுப்பினராக இருந்தவர். 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அதையொட்டி 1994-இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், இவற்றின்படி நடந்த முதல் தேர்தல் அது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஜனத்தொகைக்கு ஏற்ற இடம் என்று ஆனது அப்போதுதான். தமிழ்நாட்டில் 2016-இல் பெண்களின் பங்கு பாதியாயிற்று. காகிதத்தில் இடம் கிடைத்தால் நாற்காலி கிடைத்துவிடுமா? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடக்க விடவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. "எங்கம்மா அஞ்சு வருஷமும் கூட்டத்துல நின்னுக்கிட்டேதான் இருந்தாங்க. ஆனா எழுதின கணக்கை ஒரு வரி விடாம யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுடுவாங்க" என்றார் அக்கா.

சரி, கணக்குக்கு வருகிறேன். நம் வீட்டில் என்ன செய்கிறோம்? மாதச் சம்பளம் வந்ததும் பால் பணம் ஒரு டப்பா, பள்ளிக்கூடப் பணம் ஒரு டப்பா, சீட்டுப் பணம் ஒரு டப்பா என்று பிரித்து வைக்கிறோம் இல்லையா? சீட்டுப் பணத்தை எடுத்துப் புடைவை வாங்கினால் மாதக் கடைசியில் மாட்டிக்கொள்வோம். ஊராட்சிப் பணமும் அப்படி டப்பா டப்பாவாகத்தான் வருகிறது.

முதல் டப்பா ஊராட்சியின் சொந்தப் பணம். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாங்கும் தொழில் வரி, இப்படி நாமே கட்டுவது. ("உங்க தெருவுல முக்கால்வாசிப் பேரு வீட்டு வரி பாக்கிம்மா" என்று அக்கா சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போயிற்று. எங்கள் வீடே இரண்டு வருஷப் பாக்கி.) அடுத்தது மாநில அரசு, நிதிக் குழுவின் பரிந்துரையை வைத்துத் தன் வரி வருவாயிலிருந்து பிரித்துத் தருவது. தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகும் மின் கட்டணத்துக்கு என்றே தனிக் கணக்கு உண்டு. மூன்றாவதுதான் எங்களுக்குச் சண்டை மூட்டிய டப்பா. மத்திய அரசின் 15-ஆவது நிதிக் குழு 2021-லிருந்து 2026 வரைக்கும் என்று தந்த மானியம். அதில் நூறு ரூபாய் வந்தால் 30 ரூபாய் குடிநீருக்கு, 30 ரூபாய் சுகாதாரத்துக்கு, அதாவது குப்பை, கழிவுநீர் போன்றவற்றுக்கு. மிச்சம் 40 ரூபாயை ஊருக்கு எது அவசரமோ அதற்குச் செலவு செய்யலாம்; சம்பளத்துக்கும் ஆபீஸ் செலவுக்கும் மட்டும் தொடக்கூடாது.

இதைக் கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. எங்கள் சாக்கடை ஒரு டப்பா, அவர்கள் குழாய் வேறு டப்பா! குடிநீர்த் தேவை முழுக்கத் தீர்ந்த ஊரானால்தான் அதில் மிஞ்சியதைச் சுகாதாரத்துக்குத் திருப்பலாம். குழாயே இல்லாத காலனி இருக்கும்போது எப்படித் திருப்புவது? அவர்களால் எங்களுக்கோ, எங்களால் அவர்களுக்கோ பணம் போகவே முடியாது. இரண்டு பக்கத்திலும் கேள்வி வராமல் இருக்கச் சொன்ன பதில் அது. அதை நம்பி எத்தனை நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன்!

இன்னொன்றும் சொன்னார். அந்த மானியத்தில் ஒரு வேலை நடக்க வேண்டுமானால் அது ஊராட்சியின் ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திட்டத்தைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட வேண்டும். பணம் கொடுக்கிற அரசு என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கும். எழுதாத தெரு அதன் கண்ணுக்குத் தெரியாது. "புளியமரத்தடியில நின்னா நாங்க பேசறது நோட்டுக்கு எட்டாதும்மா" என்றார்.

ஆகவே முதல் வேலை இடத்தை மாற்றுவது. கிராம சபையைக் கோயில் போன்ற மதச் சார்புள்ள இடங்களில் நடத்தக் கூடாது, ஊராட்சியின் எல்லாக் குக்கிராமங்களிலும் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று தமிழக அரசின் அறிவுரையே இருக்கிறது. அக்காவின் குழுவும் எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேரும் சேர்ந்து மனு எழுதி, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று கொடுத்தோம். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். இதை மறக்காதீர்கள். முத்திரை இல்லாத நகல் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

2023 நவம்பர் 1-ஆம் தேதி சபை காலனி அங்கன்வாடிக்கு எதிரிலிருந்த திடலில் கூடியது. முன்பு வருஷத்துக்கு நாலு சபைதான்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. பிற்பாடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் அரசு சேர்த்தது. எங்கள் தெரு ஆண்களில் பலர் வரவில்லை. "அங்க போய் உக்காரணுமா?" என்று என் கொழுந்தனார் கேட்டே விட்டார். என் வீட்டுக்காரர் வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் ஊராட்சியில் ஜனத்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். 501-லிருந்து 3,000 வரை உள்ள ஊருக்கு 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். எண்ணி எண்ணிப் பார்த்தேன். 112 பேர். அதில் எழுபதுக்கு மேல் பெண்கள்.

அன்று மூன்று தீர்மானங்கள் எழுதினோம். எங்கள் தெருவுக்கு சிமெண்டுக் கால்வாயும் அதன் கடைசியில் உறிஞ்சு குழியும். காலனிக்குக் குடிநீர்க் குழாய். மூன்றாவது, அங்கன்வாடிக்குச் சாய்தளம். அக்காவின் பேரனுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்தே கால் வராது. அங்கன்வாடிக்கு மூன்று உயரப் படிகள். அவன் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறுவாள். அவள் வேலைக்குப் போன நாளில் பிள்ளைக்குச் சத்துமாவும் இல்லை, பாட்டும் இல்லை. அன்றைக்குத் தலைவர் அம்மாளே எழுந்து, "இதை 40 பைசாப் பங்குல போட்டுக்கலாம்" என்றார். அவர் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மாள் அவரைப் பார்க்கவில்லை.

செயலர் முதலில், "ஆவன செய்யலாம் என்று தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினார். அக்கா விடவில்லை. எந்தத் தெரு, யார் வீட்டிலிருந்து யார் வீடு வரை, எத்தனை மீட்டர், எந்த நிதி என்று எழுத வைத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற வழக்கம் அன்றோடு எங்களிடம் ஒழிந்தது.

உடனே எல்லாம் நடந்துவிட்டதா என்றால் இல்லை. ஒன்றியப் பொறியாளர் வந்து மதிப்பீடு போடவே இரண்டு மாதம். பிறகு தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் மனஸ்தாபம். பணம் எடுக்க இருவர் ஒப்புதலும் வேண்டும் என்பதால் சிமெண்டு மூட்டை வராமல் நின்றது. ஒருவழியாக 2024 ஏப்ரலில் கால்வாய் முடிந்தது. குழாயும் ஜூன் மாதம் காலனிக்குப் போயிற்று. எங்கள் பள்ளங்களை மண் போட்டு மூடினோம். அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கும் டைபாய்டு வரவில்லை. ஆனாலும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை நான் விடவில்லை.

சாய்தளம்தான் மனசு ஆறவில்லை. போட்டார்கள். ஆனால் ஓரடி உயரப் படிக்கு நாலடி நீளத்தில் செங்குத்தாகப் போட்டுவிட்டார்கள். ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. கைப்பிடியும் இல்லை. சக்கர நாற்காலியை அக்கா தள்ளிப் பார்த்தார், பாதியில் அது அவர் மேலேயே திரும்பி உருண்டது. "மாவு மூட்டை ஏத்தத்தான் ஆகும் இது" என்றார்.

இடித்துக் கட்டக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே 2025 ஜனவரி 5-ஆம் தேதி வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தையும் சேர்த்து 28 மாவட்டங்களில் அன்றோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தெருவில் பார்த்துக் கேட்க உறுப்பினரும் இல்லை, தலைவர் அம்மாளும் இல்லை. ஆனால் சபை நிற்கவில்லை. அதே 2025-இல், ஒவ்வொரு ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்கத் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. இதைப் படித்துக் காட்டியபோது அக்கா பேரனின் தலையைத் தடவி, "இவனுக்கு வயசு வர்றதுக்குள்ள அந்தச் சாய்தளமாவது சரியாகணும்" என்றார்.

அடுத்த சபைக்கு நான் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அது ஐந்தடிதான் இருக்கும். பன்னிரண்டடியை அளக்க என் வீட்டுக்காரரின் இரும்பு டேப்பையும் கேட்டு வாங்கினேன். "நானும் வரேன். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேணாமா?" என்றார்.