பணம் போய்ச் சேரும் முகவரி

விருதுநகர் பருப்புக்கும் ஈரோட்டு மஞ்சளுக்கும் டிராப்ட் எடுத்துத் தபாலில் அனுப்பிய காலம் மலையேறிவிட்டது. இன்று கடையில் இருந்தபடியே மண்டிக்குப் பணம் அனுப்புகிறோம். ஆனால், அதற்கு நாம் எழுதும் ஐ.எப்.எஸ்.சி. குறியீடு என்ன சொல்கிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

அதில் மொத்தம் 11 இடங்கள். முதல் 4 எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். எஸ்.பி.ஐ.என். என்றால் ஸ்டேட் வங்கி, ஐ.ஓ.பி.ஏ. என்றால் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. ஐந்தாவது இடத்தில் வருவது பூஜ்யம். அதை ஆங்கில 'ஓ' என்று எழுதிவிடக் கூடாது. கடைசி 6 இடங்கள் கிளையைக் காட்டும். காசோலையின் அடியில் உள்ள 9 இலக்க எம்.ஐ.சி.ஆர். எண் வேறு, அது காசோலை கிளியரிங்குக்கு உரியது.

பழைய பில்லில் அச்சிட்ட குறியீட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1926-இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டது. அதன் பழைய குறியீடுகள் 2022 பிப்ரவரி 28-உடன் முடிந்தன. கனரா வங்கியுடன் 2020-இல் இணைந்த சிண்டிகேட் வங்கியின் குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமற் போயின. நமது பில் புத்தகத்தில் உள்ள குறியீட்டையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

முக்கியமான செய்தி இதுதான்: நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் பெயரைப் பார்த்து வரவு வைப்பதில்லை. கணக்கு எண்ணைப் பார்த்தே வைக்கிறார்கள். அந்த எண்ணில் கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பிவிடும். வேறொருவர் கணக்காக இருந்துவிட்டால் அவரிடமிருந்து மீட்பது பெரும்பாடு. சரக்கும் வராது, மண்டியில் நம் நாணயமும் கெடும்.

இதற்காகவே, பணம் அனுப்புமுன் கணக்குதாரர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கட்டணமின்றி அளிக்குமாறு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கிளைக்குச் சென்று பணம் கட்டுவோரும் இதைக் கேட்டுப் பெறலாம்.

புதிய கணக்கென்றால் முதலில் 1 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுக்கொள்வோம். "கணக்கு மாறிவிட்டது" என்று செல்போனில் செய்தி வந்தால், நமக்குத் தெரிந்த பழைய எண்ணில் முதலாளியிடமே பேசி உறுதி செய்துகொள்வோம். எடைத்தட்டைச் சரிபார்க்கும் நாம், எண்ணைச் சரிபார்க்கச் சோம்பல் படலாமா?