சாதன மீளமைப்பு: ஒரு பூச்சியத்தின் பின்னால்

கணினி உறைந்துபோனால் அதனை நிறுத்தி மீண்டும் இயக்குகிறோம். கணினியிலுள்ள ஒரு சாதனம் மட்டும் நிலைகுலைந்தால் என்ன செய்வது? முழுக் கணினியையும் நிறுத்தாமல், அச்சாதனத்தை மட்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவதே சாதன மீளமைப்பு ஆகும்.

ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையோடு பல கணினிகளை உருவாக்கலாம். இவை மெய்நிகர் பொறிகள் எனப்படும். ஒவ்வொன்றுக்கும் தனியான பணிசெயல் முறைமை உண்டு. ஆனால் அவற்றின் வன்தட்டும் வலையமைப்பு அட்டையும் பெரும்பாலும் மென்பொருளால் ஆனவையே. அவற்றோடு பணிசெயல் முறைமை தொடர்புகொள்ளச் சாதனச் செலுத்தி என்னும் மென்பொருள் உதவுகின்றது. இத்தொடர்புக்கான பொது விதிமுறைகளுள் ஒன்று விர்ட்டியோ. ரஸ்டி ரசல் என்பவர் லினக்ஸுக்காக உருவாக்கிய இதனைப் பின்னர் ஒயாசிஸ் அமைப்பு நியமப்படுத்தியது.

விர்ட்டியோ சாதனம் ஒவ்வொன்றிலும் அதன் நிலையைக் காட்டும் எண் ஒன்று இருக்கும். தன்னால் மீளமுடியாத வழு ஏற்பட்டால், சாதனம் அதில் 64 என்னும் பெறுமானத்தைச் சேர்த்து, மீளமைப்புத் தேவை என்று அறிவிக்கும். செலுத்தி அவ்விடத்தில் 0 என எழுதினால் மீளமைப்புத் தொடங்கும்.

எழுதியவுடன் வேலை முடிந்துவிடாது. பீசீஐ முறையில் இணைந்த சாதனமாயின், அந்த எண்ணை மறுபடி வாசிக்கும்போது 0 வரும்வரை செலுத்தி காத்திருக்க வேண்டும். அதற்குமுன் சாதனம் பயன்படுத்திய நினைவகத்தை வேறொரு செய்நிரலுக்குக் கொடுத்தால், சாதனம் இன்னமும் அங்கே எழுதிக்கொண்டிருக்கலாம். அப்போது தொடர்பேயில்லாத ஒருவரின் தரவு சிதைந்துபோகும்.

அதன்பின் அறிமுகம் முதலிலிருந்து நடைபெறும். சாதனத்தைக் கண்டதற்கு 1, அதனைச் செலுத்தத் தெரியும் என்பதற்கு 2, வசதிகளில் உடன்பட்டதற்கு 8, எல்லாம் தயார் என்பதற்கு 4 எனப் படிப்படியாகச் சேர்த்து, ஈற்றில் 15 ஆகும்.

மிகக் கடினமான வினா இனிமேல்தான் எழுகின்றது. மீளமைப்புக்கு முன் அனுப்பி, விடை வராத கட்டளைகள் என்னவாயின? அவை நிறைவேறின என்றும் கொள்ள முடியாது. நிறைவேறவில்லை என்றும் கொள்ள முடியாது. வன்தட்டில் அதே தரவை அதே இடத்தில், வரிசை மாறாமல் மீண்டும் எழுதினால் தீங்கில்லை. வலையமைப்பில் ஒரு பொதி இருமுறை சென்றாலும், டீசீபீ முறையில் பெறுபவர் மிகையானதை நீக்கிவிடுவார். ஆனால் முடியாத கட்டளையை முடிந்ததாகச் செலுத்தி அறிவித்தால், சேமித்ததாக நாம் நம்பிய கோப்பு வன்தட்டில் இல்லாமற் போகலாம்.

தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவிகள் செய்நிரல் எழுதும்போது, எல்லாம் சரியாக நடக்கும் வழியை மட்டுமன்றி, இடையில் அறுந்தால் தொடரும் வழியையும் சேர்த்தே எழுதப் பழகுதல் நன்று.