ஏலமலைக்குப் பிழைக்கப் போனவர்கள்

பிழைப்புக்காகத் தேசம் விட்டுப் போனவர்கள் என்றவுடன் நம் மனத்தில் பர்மாவும் பினாங்கும் கப்பல் டிக்கட்டும் தோன்றுமேயன்றி, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிச் சோறு வடித்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பங்கும் வீட்டிலிருக்கும் மாமியாருக்கு ஒரு பங்கும் மூடி வைத்துவிட்டு, தன் பங்கைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, இருட்டுப் பிரியுமுன் போடிநாயக்கனூர்த் தெருமுனையில் ஜீப்புக்காகக் காத்து நிற்கும் ஸ்திரீ தோன்றமாட்டாள். ஆயினும் அவளும் வேற்று ராஜ்யத்துக்குத்தான் போகிறாள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டுச் சாவடியைத் தாண்டினால் கேரளம். அங்கே பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் பகலெல்லாம் ஏலத்தூரின் அடியில் குனிந்திருந்துவிட்டு, பொழுது சாயும் வேளையில் அதே ஜீப்பில் நெருக்கியடித்து இறங்கி வந்து, மறுபடியும் அடுப்பண்டை போகவேண்டும். தினந்தோறும் புறப்பட்டுத் தினந்தோறும் திரும்புகிற இந்தப் பிரயாணத்தை எந்த ஜனத்தொகைக் கணக்கும் குடிபெயர்ச்சி என்று பதிந்துகொள்வதில்லை.

இந்த ஏற்றம் நேற்று ஆரம்பித்ததன்று. ஏலக்காய் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஏகபோகச் சரக்காயிருந்த காலத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கின் ஜனங்கள் மெட்டுப் பாதைகளில் கால்நடையாக மேலே போய்வந்திருக்கிறார்கள். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாற்று ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றுக்கொண்டதும், பின்னர் அங்கே தேயிலை பரவியதும், ஆள் பிடிக்கக் கங்காணிகள் கிளம்பினார்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களில் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகத் திரட்டி அழைத்துப் போனார்கள். அக்காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷன் என்ற மலைமுகட்டு நிலையத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி மலையடிவாரத்துக்கு இறங்கிப் போடி வழியாக வெளியூர் போயிற்று. கூலிகளுக்கு வேண்டிய அரிசி கீழேயிருந்து மேலே போயிற்று. தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு சேர்த்த குண்டளை ரயிலை 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் வாரிக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். இப்படி மனிதரும் சரக்கும் நூறு வருஷங்களுக்கு மேலாக ஓயாமல் ஏறி இறங்கிய வழியில், 1956 நவம்பர் முதல் தேதியன்று, பழைய சமஸ்தான எல்லையே இரண்டு ராஜ்யங்களுக்கிடையிலான எல்லையாக நிலைத்துவிட்டது. தமிழர் மிகுதியாக வசித்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு போயின.

ஏலக்காய் ஏதோ மரத்தில் காய்ப்பதாக நினைத்துக்கொண்டு பாயசம் குடிப்பவர்கள் பட்டணங்களில் இன்றும் உண்டு. அது இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் உறவான செடி. பெருமரங்களின் நிழலில், ஆளுயரத்துக்கு மேல் தழைத்து நிற்கும். காயோ உயரத்தில் இல்லை. தூரின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரங்களில், பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒரே சரத்தில் கலந்திருக்கும். ஆகவே காய் எடுக்கிறவள் ஒவ்வொரு தூரையும் குந்தியபடியே சுற்றிவந்து, பூ உதிராமல், பிஞ்சில் கை படாமல், பழுத்து வெடிப்பதற்குமுன் பக்குவமாக முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ளவேண்டும். ஒரு மாதமோ நாற்பது நாளோ கழித்து அதே தூருக்கு மறுசுற்று வரவேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை மாதம் கடந்தும் போகிற இந்த எடுப்பில் முதற்பாதி முழுவதும் மழை. பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்போ உப்போ தடவிக்கொண்டு, சேற்றில் நகர்ந்து நகர்ந்து செய்யும் வேலை அது. போதாக்குறைக்கு ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பது வெகு அதிகம்; அது படிந்த இலைகளுக்கடியில்தான் அவள் முகம் நாளெல்லாம் இருக்கிறது.

எடுத்த காய், ஸ்டோர் எனப்படும் உலர்த்துமிடத்தில் பச்சை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் உலர்ந்து, ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோவாகச் சுண்டுகிறது. அதன்பின் போடிக்கு இறங்கி, கிட்டங்கிகளில் வேறு பெண்களின் கைகளால் பருமன் பார்த்தும் நிறம் பார்த்தும் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்குப் போகிறது. 2019 ஆகஸ்டில் கேரளப் பக்கத்துப் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை விலை போனது; அதற்கடுத்த சில வருஷங்களிலேயே ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. மழை தவறினாலும், குவாதிமாலாவில் விளைச்சல் பெருகினாலும், அரபு தேசத்தார் காபியில் போட வாங்குவது குறைந்தாலும் இந்த விலை ஆடும். கூலி அப்படி ஆடுவதில்லை. விலை ஏறியபோது அதன் நிழல்கூடக் கூலியின்மேல் விழவில்லை. சரிந்தபோது மட்டும் வேலைநாள் குறைந்தது.

இத்தனையும் யாருக்காக என்றால், குடும்பத்துக்காக. இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துபோவது எழுதுகிறவர்களுக்குச் சுலபம், புகழ்ச்சிக்குச் செலவில்லை. அந்தப் பெண்களோ தங்கள் உழைப்பைத் தியாகமாக அல்ல, கணக்காகவே பார்க்கிறார்கள் என்பதை 2015 செப்டம்பரில் மூணாறு கண்டது. போனஸ் குறைக்கப்பட்டதும், ஆயிரக்கணக்கான தமிழ்த் தேயிலைத் தோட்டப் பெண்கள், ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் இருபது சதவீதம் பெற்றார்கள். 232 ரூபாயாயிருந்த தினக்கூலியை 500 ஆக்கவேண்டுமென்ற கோரிக்கை முழுதும் நிறைவேறவில்லை. அக்டோபரில் தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330 என்று முடிவாயிற்று. அந்தக் கூலி ரூபாய்கள் பள்ளிக்கூடச் சம்பளமாகவும், குழுக்கடன் தவணையாகவும், சீட்டுப் பணமாகவும், மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கும் குண்டுமணித் தங்கமாகவும் எப்படி மாறுகின்றன என்பது எந்தப் பொருளாதார சாஸ்திரியையும் திகைக்க வைக்கும்.

தினம் இறங்கி வருகிறவளுக்காவது போடியில் ஓர் ஓட்டுவீடு உண்டு. மேலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் கதி வேறு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். அதுவும் வேலையிலிருக்கும் வரையில்தான். வயதாகி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்யவேண்டுமாகையால், கூரையைக் காப்பாற்றவே பிள்ளைகளில் ஒருவரைத் தோட்டத்து வேலைக்கு விடவேண்டியிருக்கிறது. மூன்று, நான்கு தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு சென்ட் நிலமில்லாத இந்த அவலத்தின் கோரத்தை 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி எழுபது பேரைக் கொண்டுபோனபோது தேசம் ஒரு வாரம் பேசியது. மலையில் துண்டு நிலம் வாங்கிவிடத் துடிக்கும் சுமைகூலி ஒருவனின் ஆசையை லெனின் பாரதி 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தில் காட்டியிருக்கிறார். அது மிகைப்பட்ட கதையன்று. இதே மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் போடி, கம்பத்துத் தமிழ் முதலாளிகளும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பாஷையைக் காட்டிலும் பட்டாவே அங்கே மனிதரைப் பிரிக்கிறது.

பட்டாவை அடுத்துக் காகிதம். 1950-க்கு முன்பே தம் மூதாதையர் கேரளத்தில் குடியேறியதாக நிரூபிக்க முடியாத தாழ்த்தப்பட்ட வகுப்புக் குடும்பங்களுக்கு அங்கே ஜாதிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. நல்ல மார்க்கு வாங்கிய பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் இல்லாமற்போவது, பாட்டன் எந்த வருஷம் மலையேறினான் என்பதற்கு ரசீது இல்லாத காரணத்தால்! எல்லை கண்ணுக்குத் தெரிந்த சந்தர்ப்பங்களும் உண்டு. முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றிய 2011 டிசம்பரில் தமிழ்க் குடும்பங்கள் பல அஞ்சிக் காட்டுவழியாகத் தேனி ஜில்லாவுக்கு இறங்கின. 2020-இல் கொள்ளைநோயின்போது சாவடி மூடப்பட்டு, கூலியும் முதலாளியும் ஒருங்கே கீழே நின்றார்கள்.

இந்தப் பாடெல்லாம் படுகிற தாயும் தகப்பனும் கொண்டிருக்கும் பேராசை ஒன்றுதான்: தம் மக்கள் மலையேறக்கூடாது. தம் தொழில் தம்மோடு அற்றுப்போகவேண்டும் என்பதற்காகவே ஒரு தொழிலை இவ்வளவு கருத்தாகச் செய்கிறவர்களை வேறெங்கும் காண்பது அரிது. அந்த எண்ணம் பலித்தும் வருகிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். போடியிலிருந்து ஏறும் ஜீப்புகளில் இளம்பெண்கள் குறைந்து நரைத்த தலைகள் மிகுந்துவிட்டன. காலியான இடங்களுக்கு ஜார்க்கண்ட், அஸ்ஸாம், வங்காளம், மத்தியப் பிரதேசத்திலிருந்து ஆட்கள் வந்து, இப்போது ஏலத்தோட்டங்களில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். நம் பெண்கள் அவர்களுக்குக் காயின் பக்குவத்தைச் சைகையால் கற்பிக்கிறார்கள்; அவர்களுடைய குழந்தைகள் மலையாளம் பேசும் பள்ளியில் என்ன படிக்க முடியும் என்ற கேள்வி ஏற்கெனவே எழத் தொடங்கிவிட்டது.