பினாங்கிலிருந்து வந்த எமன்

பழைய தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்குக் கப்பல் என்றால் நாகப்பட்டினம், அக்கரைச் சீமை என்றால் பினாங்கு. அப்போது நாகையில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும், தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். டெல்டா ஆட்களை மலாயாவுக்கு ஏற்றிப்போன 'ரஜூலா'விலும் அப்படித்தான் ஏறினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது. பிறகு அதுவே அவர்களுடைய நீர்மூழ்கிகளின் தளம்.

1942 ஜனவரியில் ஐ-64 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி வங்கக் கடலில் வேட்டையாடியது. 29-ஆம் தேதி சென்னைக்குக் கிழக்கே 'புளோரன்ஸ் லக்கன்பாக்' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் மூழ்கியது. மறுநாள் சிந்தியா கம்பெனியின் 'ஜலதரங்'. அதற்கு மறுநாள் 'ஜலபாலகா'.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? அந்தக் கால நீர்மூழ்கி முழு நேரமும் மூழ்கிக் கிடப்பதில்லை. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், அடியில் போனால் பேட்டரிதான் கதி. ஐ-64 மேலே சுமார் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் ஓடும். அடியில் அதில் பாதிகூடத் தேறாது, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. சரக்குக் கப்பல்களோ 10 நாட் வேகத்தைத் தொட்டாலே பெரிது. ஆகவே மேலேயே ஓடி இரையை முந்திக்கொண்டு, வழியில் மூழ்கிக் காத்திருப்பார்கள். பெரிஸ்கோப்பில் கப்பலின் வேகத்தையும் திசையையும் கணித்து, அது வந்து சேரப்போகும் இடத்துக்கு டார்பிடோவை விடுவார்கள். அந்தக் கணக்கைக் குழப்பத்தான் வணிகக் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓடின. டார்பிடோ கைவசம் கொஞ்சம்தான் என்பதால், காவலில்லாத சிறு கப்பல் சிக்கினால் மேலே வந்து பீரங்கியாலேயே சுடுவதும் உண்டு.

பயணிகளும் தப்பவில்லை. 1942 நவம்பர் 23 அன்று, பம்பாயிலிருந்து மொம்பாசா போன 'திலாவா' என்ற பயணிகள் கப்பலை ஐ-29 என்ற நீர்மூழ்கி தாக்கியது. அந்த நீர்மூழ்கி பினாங்கிலிருந்து கிளம்பியதுதான். முதல் டார்பிடோவுக்குக் கப்பல் உடனே மூழ்காததால் படகில் இறங்கியவர்களில் சிலர் திரும்ப ஏறினார்கள். இரண்டாவது வந்தது. 280 பேர் மாண்டார்கள்.

ரஜூலா தப்பிப் பிழைத்து, 1970-கள் வரை ஓடியது. டார்பிடோவுக்கு இரையான கப்பல்களில் எஞ்சின் அறையிலும் தளத்திலும் உழைத்த இந்திய மாலுமிகளை நம் போர் வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அது நியாயமில்லை. அந்தப் போரில் இறந்து, கடலையன்றி வேறு கல்லறை இல்லாத இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல் மாலுமிகளுமாக 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன.