யூனிட்டுக்கு முத்திரை வைப்பது யார்?

விழுப்புரம் தாண்டியதும் பேட்டரி 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. கார் மச்சானுடையது, வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. அடுத்துவரும் சாப்பாட்டுக் கடை வாசலில் இரண்டு சார்ஜர்கள் இருப்பதாகச் செயலி சொன்னது. இரண்டுக்கும் பச்சைப் புள்ளி. போய் இறங்கி முதல் சார்ஜரின் கன்னை எடுத்துச் செருகினோம். திரை எரிந்தது, "தயார்" என்று வந்தது, பத்து விநாடியில் 'டக்' என்றொரு சத்தம், பிறகு சிவப்பு விளக்கு. மறுபடி செருகினோம், மறுபடி சிவப்பு.

"அது ரெண்டு வாரமா ஓடலண்ணே. பக்கத்து மிஷின்ல போடுங்க" என்றார் கடைப் பையன்.

பக்கத்து மிஷின் ஓடியது. வெயிலுக்குப் பயந்து காருக்குள்ளேயே ஏசி போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேட்டரி 80 சதவீதத்தைத் தொட்டதும் கன்னைக் கழற்றினோம். 30 யூனிட், யூனிட்டுக்கு 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 708 ரூபாய். காரின் திரையிலோ பேட்டரிக்குள் 28 யூனிட்தான் ஏறியதாக இருந்தது. "மிச்ச ரெண்டு யூனிட் எங்க போச்சு மாப்ள?" என்றார் மச்சான்.

அவர் கேட்டது அற்பமான கேள்வி இல்லை. மின்வாகனச் சார்ஜர்களை அரசு எப்படிப் பார்க்கிறது, எப்படிப் பார்க்க வேண்டும் என்ற விவகாரம் முழுவதும் அந்த இரண்டு யூனிட்டுக்குள்ளும் அந்தச் சிவப்பு விளக்குக்குள்ளும் அடங்கியிருக்கிறது.

முதலில் சட்டம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின்சாரத்தைக் கடத்தவோ விநியோகிக்கவோ வாங்கி விற்கவோ உரிமம் வேண்டும். அப்படியானால் ஹோட்டல் வாசலில் சார்ஜர் வைப்பவரும் மின்வாரியத்தைப் போல உரிமம் வாங்க வேண்டுமா? 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அமைச்சகம் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. சார்ஜ் போடும்போது மின்சாரம் பேட்டரிக்குள் வேதி ஆற்றலாக மாறித் தங்குகிறது. நிலையத்தார் செய்வது ஒரு சேவை, மின்சார விற்பனை ஆகாது. எனவே உரிமம் தேவையில்லை என்றது அந்த விளக்கம். அதே ஆண்டு டிசம்பரில் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. யார் வேண்டுமானாலும் பொதுச் சார்ஜர் வைக்கலாம் என்று கதவு திறந்தது.

அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். உரிமத்துக்காக ஒவ்வொருவரும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வாசலில் நின்றிருந்தால் நெடுஞ்சாலையில் இன்று சார்ஜரே இருந்திருக்காது. 2024 பிப்ரவரியில் நாடு முழுவதும் 12,146 பொதுச் சார்ஜிங் நிலையங்கள் இருந்தன. மகாராஷ்டிரத்தில் 3,079, தமிழ்நாட்டில் 643. அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம் 2,000 கோடி ரூபாயில் 72,300 சார்ஜர்கள் என்று இலக்கு வைத்தது.

ஆனால் "சேவை" என்ற சொல்லுக்கு ஒரு வால் உண்டு. மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சேவைக்கு உண்டு. கர்நாடகத்தின் சாமுண்டேஸ்வரி மின் விநியோக நிறுவனம் இதில் தெளிவு கேட்டபோது, சார்ஜிங் சேவைதான், 18 சதவீத வரி உண்டு என்று 2023இல் அம்மாநிலத்தின் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது. எங்கள் பில்லில் இருந்த 108 ரூபாய் வரி அப்படி வந்தது. சட்டத்தின் கண்ணில் நாங்கள் மின்சாரம் வாங்கவில்லை. பில்லில் மட்டும் "30 யூனிட்" என்று அச்சாகியிருக்கிறது. யூனிட் கணக்கில் காசு வாங்கினால் அந்த யூனிட்டை அளந்து கொடுக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது.

எங்கே நின்று அளப்பது என்பதில்தான் சூட்சுமம். மின்கம்பியில் வருவது மாறுமின்னோட்டம், அதாவது ஏசி. பேட்டரிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம், டிசி. வேகச் சார்ஜர் என்பது அடிப்படையில் ஏசியை டிசியாக்கும் பெரிய பெட்டி. நல்ல பெட்டியில்கூட 5 சதவீதம் போல வெப்பமாகப் போய்விடும். அருகில் நின்றால் முகத்தில் அடிக்கும் அனல் காற்றும் விசிறியின் இரைச்சலும் அந்த 5 சதவீதம்தான். கன் வழியாக 30 யூனிட் வெளியே வர, மின்வாரியத்திடமிருந்து சுமார் 31.6 யூனிட் உள்ளே போக வேண்டும். மீட்டர் பெட்டிக்கு முன்னால் இருந்தால் அந்த நஷ்டம் வாடிக்கையாளர் தலையில், பின்னால் இருந்தால் நிலையத்தார் தலையில். எங்கள் விலைக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய 37 ரூபாய். பார்க்கச் சின்னத் தொகைதான். நாள்தோறும் இருபது கார் வரும் இடத்தில் வருடத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்.

கன்னைத் தாண்டிய பிறகும் கொஞ்சம் போகும். கேபிள் சூடாகிறது, ஆனால் 5 மீட்டர் தடித்த செப்புக் கேபிளில் 200 ஆம்பியர் பாய்ந்தாலும் வீணாவது 100 வாட் அளவுதான், பொருட்படுத்த வேண்டியதில்லை. பேட்டரியின் உள்மின்தடையில் கொஞ்சம், அதைக் குளிர்விக்கும் பம்புக்குக் கொஞ்சம், நாங்கள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏசிக்கு ஒரு யூனிட். மச்சானின் இரண்டு யூனிட் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும். யாரும் திருடியிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் என்று சொல்ல முடிகிறதே தவிர, நிச்சயமாக என்று சொல்ல எங்களிடம் ஒரு வழியும் இல்லை. காரின் திரையை வைத்துச் சார்ஜரைச் சரிபார்க்க முடியாது. இரண்டும் அளப்பது வேறு வேறு இடத்தில். மூன்றாவதாக ஒருவர் சோதித்து முத்திரை வைத்தால்தான் உண்டு.

பெட்ரோல் பங்கில் அந்த மூன்றாவது ஆள் இருக்கிறார். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. அத்துறையின் ஆய்வாளர் பம்பைச் சோதித்து ஈய முத்திரை வைக்கிறார். சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி நம் கண்முன்னே பிடித்துக் காட்டக் கேட்கலாம். 5 லிட்டருக்கு 25 மில்லிக்குமேல் பிசகக் கூடாது. காய்கறிக் கடைத் தராசுக்கும் முத்திரை உண்டு. நான் இதுவரை சார்ஜ் போட்ட எந்த இடத்திலும் அப்படியொரு முத்திரையை என் கண்ணால் பார்த்ததில்லை.

இதை மற்ற நாடுகள் எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் ஜெர்மனி மிகவும் கறார். அங்கே காருக்குள் ஒப்படைக்கப்பட்ட மின்சாரத்துக்குத்தான் காசு. பெட்டிக்குள் சூடாகிப் போனதற்கு இல்லை. ஒவ்வொரு முறை சார்ஜ் போட்டதும் மீட்டர் தன் அளவீட்டை ஒரு டிஜிட்டல் கையொப்பத்தோடு பூட்டிவிடும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்க் கணினியில் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்து, பில்லில் இருக்கும் எண் மீட்டர் சொன்ன எண்தானா என்று தெரிந்துகொள்ளலாம். இடையில் செர்வரில் யாரும் எண்ணை மாற்ற முடியாது. கலிபோர்னியாவில் 2021 முதல் புதிதாக வைக்கும் ஏசி சார்ஜர்களும் 2023 முதல் புதிய டிசி சார்ஜர்களும் யூனிட் கணக்கில்தான் விற்க வேண்டும். பெட்ரோல் பம்புக்கு முத்திரை வைக்கும் அதே மாவட்ட அலுவலகம் சார்ஜருக்கும் வைக்கிறது.

டிசியை அளப்பது புதிய வேலை. நம் வீட்டு மீட்டர்கள் நூறாண்டுக்கு மேலாக ஏசிக்குப் பழகியவை. டிசி மீட்டருக்கான பன்னாட்டுத் தரநிலை, ஐ.இ.சி. 62053-41, வந்ததே 2021இல்தான். சார்ஜர்களைச் சோதிக்கும் முறைக்குப் பன்னாட்டுச் சட்டமுறை அளவியல் அமைப்பு 2022இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அந்த அமைப்பின் சான்றிதழை வழங்கும் தகுதியை இந்தியா 2023இல் பெற்றது; உலகில் 13ஆவது நாடு. எடைக் கருவிகளுக்கு உலகச் சான்று கொடுக்கும் திறமை இருக்கிறபோது நெடுஞ்சாலைச் சார்ஜருக்கு ஒரு முத்திரை வைப்பது நமக்கு எட்டாத காரியம் இல்லை.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. உரிமம் போனாலும் பாதுகாப்பு விதிகள் போகவில்லை. மத்திய மின்சார ஆணையம் 2019இல் தன் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் சார்ஜிங் நிலையங்களுக்கென்று தனிப் பகுதி சேர்த்தது. வெறும் வழிகாட்டுதலாக இல்லாமல் சட்ட வலு உள்ள விதி இது. சாக்கெட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். மழைநீர் முழங்கால்வரை நின்ற தெருக்களை அறிந்த சென்னைக்காரர்களுக்கு இதன் அர்த்தம் விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் போடவே கூடாது. ஒவ்வொரு சார்ஜிங் முனைக்கும் தனி சர்க்யூட். 30 மில்லிஆம்பியருக்குமேல் மின்கசிவு இருந்தால் துண்டித்துவிடும் கருவி கட்டாயம்.

இந்தக் கடைசி விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரணக் கசிவுத் துண்டிப்பான் ஒரு சிறு காந்த வளையத்தை நம்பி வேலை செய்கிறது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் வளையம் அதை உணர்ந்து துண்டிக்கும். மின்காரின் சார்ஜிங் சுற்றிலிருந்து கொஞ்சம் டிசி கசிந்தால் அந்த வளையம் நிறைந்து மரத்துப் போகும். பிறகு உண்மையாகவே ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போது அது கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம். 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைத் தனியே கண்டுபிடிக்கும் பகுதியைத் தரமான ஏசி சார்ஜர்களில் வைப்பது இதனால்தான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒரே பச்சை நிறம். உள்ளே இது இருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்?

சிங்கப்பூரில் தெரியும். அங்கே 2022 நவம்பரில் மின்வாகனச் சார்ஜிங்குக்கென்றே தனிச் சட்டம் நிறைவேறி 2023 டிசம்பர் 8ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. முதலில் மாடலுக்கு ஒப்புதல் பெற வேண்டும். பிறகு ஒவ்வொரு சார்ஜரையும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். பதிவாகி, அடையாள வில்லை ஒட்டிய பிறகே அதில் சார்ஜ் போடலாம். நிலையம் நடத்துபவருக்குத் தனியாக உரிமம். அத்தனை கெடுபிடி நமக்கு வேண்டாம். ஆனால் காருக்கு நம்பர் பிளேட் இருப்பதுபோலச் சார்ஜருக்கும் ஓர் எண் இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

இந்தியாவிலும் தரவுத்தளம் இருக்கிறது. எரிசக்தித் திறன் பணியகத்தின் 'ஈவி யாத்ரா' இணையதளத்தையும் செயலியையும் 2022 டிசம்பர் 14 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு தொடங்கிவைத்தார். நிலையத்தார் தங்கள் விவரங்களைப் பதிந்துவைக்கும் இடம் அது. வரைபடத்தில் புள்ளி இருந்தால் போதுமா என்பதே என் கவலை. அந்தச் சிவப்பு விளக்குக்கு மறுபடி வருகிறேன்.

கன்னைச் செருகியதும் உடனே மின்சாரம் பாயாது, முதலில் பேச்சு நடக்கும். கன்னில் இருக்கும் ஒரு சன்னக் கம்பியில் சார்ஜர் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். கார் இணைந்ததும் அது 9 வோல்ட்டாக இறங்கும். "எனக்குக் கொடு" என்று கார் கேட்டால் 6 ஆகும். அதே கம்பியில் விநாடிக்கு 1,000 துடிப்பு போகும். துடிப்பின் அகலம் எத்தனை ஆம்பியர்வரை எடுக்கலாம் என்று காருக்குச் சொல்லும். வேகச் சார்ஜரில் இதற்குமேல் டிஜிட்டல் உரையாடலும் மின்காப்புச் சோதனையும் முடிந்த பிறகுதான் உள்ளே இருக்கும் கனத்த சுவிட்ச் 'டக்' என்று மூடும். நாங்கள் கேட்ட சத்தம் அதுதான். மூடியதும் ஏதோ பிசகு, துண்டித்துவிட்டது.

அந்தப் பெட்டி இதே நேரத்தில் தன் கம்பெனியின் செர்வருக்கு "உயிரோடு இருக்கிறேன்" என்று இடைவிடாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். இணைய இணைப்பு இருக்கிறது, திரை எரிகிறது, ஆகவே செயலியில் பச்சைப் புள்ளி. கன்னில் மின்சாரம் வருகிறதா என்பது வேறு கேள்வி. செருகிய பத்துப் பேருக்கும் பிழை வந்திருந்தால் அந்தப் பிழைக் குறிகள் அத்தனையும் செர்வருக்குப் போயிருக்கும். கம்பெனி பார்த்திருக்கலாம், யாரும் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டன் கட்டாயப்படுத்தியிருக்கிறது: அதன் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வேகச் சார்ஜர் நெட்வொர்க் ஒன்று ஆண்டுச் சராசரியில் 99 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும்.

18 சதவீதப் பேட்டரியோடு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் அந்தப் பச்சைப் புள்ளியை நம்பி வரும். பக்கத்து மிஷினும் ஓடாத ஒரு நாளில் அவர்கள் எங்கே போவார்கள்?

அரசிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சார்ஜருக்கு உரிமம் வேண்டாம். ஒவ்வொரு பொதுச் சார்ஜர்மீதும் பதிவு எண், மின் ஆய்வாளர் கடைசியாகச் சோதித்த தேதி, எடையளவு முத்திரை ஆகியவற்றை நம் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். கடந்த மாதம் எத்தனை பேர் கன்னைச் செருகினார்கள், எத்தனை பேருக்கு சார்ஜ் ஏறியது என்ற கணக்கை ஈவி யாத்ராவில் ஒவ்வொரு சார்ஜருக்கும் காட்டுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை சார்ஜ் போட்டு முடித்ததும் சார்ஜரின் திரையையும் காரின் திரையையும் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டில் பெரிய வித்தியாசம் கண்டால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கன்னில் ஷாக் அடிப்பதுபோல் இருந்தால் மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுங்கள். மச்சான் எங்கள் போட்டோக்களோடு தன் மனுவை எழுதிவிட்டார்.